மேலிருந்து தெரிந்த புல்

கியாங்லுங் பள்ளத்தாக்குக்கு ஜெயசெல்வி ஒருநாளும் போனதில்லை. ஆனால் அங்கே எந்த ஓடை எந்த வளைவில் காய்ந்துபோகும், எந்தச் சரிவில் பனி கடைசியாக உருகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். லடாக்கின் கிழக்கே, சாங்தாங் மேட்டுநிலத்தில், மரம்கூட முளைக்காத உயரத்தில் கிடக்கிற இடம் அது. இவள் இருப்பதோ தூத்துக்குடியில், ஒரு மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற தெருவில்.

அவளுடைய அப்பா சிவனாண்டி கடற்கரைச் சாலையில் கயிறும் வலையும் தார்ப்பாயும் விற்கிற கடை வைத்திருந்தார். மகள் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவார். என்ன படிப்பு என்று கேட்டால், "மலைமேல புல்லு நல்லா இருக்கா இல்லையான்னு பாக்கா" என்பார்.

"அதுக்கு மலைக்கில்லா போவணும் அண்ணாச்சி?"

"மலைக்கும் மேலருந்து பாக்கா."

அது உண்மைதான். ஒவ்வொரு கோடையிலும் செயற்கைக்கோள் எடுத்த படங்களை இறக்கி, நிலம் எவ்வளவு பசுமை, எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு, எவ்வளவு வறட்சி என்று தனித்தனியாகப் பிரித்து, பிறகு நான்கையும் சேர்த்து ஒவ்வொரு சின்னக் கட்டத்துக்கும் ஒரு மதிப்பெண் போடுவாள். நலமாக இருக்கிற நிலத்துக்குப் பச்சை நிறம். நலிந்துபோனதற்குச் சிவப்பு. பல ஆண்டுப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் கியாங்லுங் பள்ளத்தாக்கு அம்மை கண்ட பிள்ளை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்துகொண்டே வந்தது.

ஒரே ஒரு இடம் தவிர. பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு துண்டு நிலம், சுற்றிலும் சிவப்பு ஏற ஏற, தான் மட்டும் பிடிவாதமாகப் பச்சையாகிக்கொண்டிருந்தது.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் தேவபிரசாதம் அதை நம்பவில்லை. கெட்டவர் இல்லை. பிழையைக் கண்டால் மட்டும் இரக்கமே காட்டமாட்டார்.

"மலை நிழலும்மா அது. இல்லேன்னா மேகத்தோட மிச்சம்."

"நிழலை எடுத்துட்டுப் பார்த்தேன் சார். மேகம் இல்லாத நாள் படம்தான் எல்லாமே."

"அப்போ பக்கத்துல எல்லாம் காயுது, இது மட்டும் ஏன் தழைக்குது? காரணம் சொல்லு."

காரணம் அவளிடம் இல்லை. அங்கே போய்ப் பார்த்த ஒரு ஆளாவது சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் துண்டை ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஜெயசெல்வி இணையத்தில் தேடித் தேடி, கியாங்லுங் மேய்ப்பர்களின் கம்பளிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் முகவரியைக் கண்டுபிடித்து, வரைபடத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். தன் கைப்பேசி எண்ணையும் போட்டிருந்தாள். பதில் வரவில்லை. மார்கழி போனது, தை போனது. ஆய்வுக் குழுவின் கூட்டம் நெருங்கியது. கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை அவள் அந்தப் பச்சைத் துண்டின்மேல் சாம்பல் நிறத்தைப் பூசி, "தரவு ஏற்கப்படவில்லை" என்று குறித்தாள். குறித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வளர்த்த ஆட்டுக்குட்டியை விற்றுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது. ஒரு பெண்குரல், ஆங்கிலத்தில்.

"ஜெயசெல்விதானே? நான் டோல்கர். கியாங்லுங் கம்பளிச் சங்கம். உங்கள் ரயில்வே ஸ்டேஷனில் நிற்கிறேன்."

ஜெயசெல்வி வாயில் நுரையோடு, "எந்த ஸ்டேஷனில்?" என்று கேட்டாள்.

"தூத்துக்குடி என்று எழுதியிருக்கிறது."

ஸ்கூட்டியை அவள் எப்படி ஓட்டிக்கொண்டு போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஸ்டேஷன் வாசலில் அவள் வயதையொத்த ஒரு பெண், கம்பளிக் கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெயிலில் கன்னம் சிவக்க, இளநீர்க்காரரிடம் வாங்கிய இளநீரை அண்ணாந்து குடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டான்சின் டோல்கர். ஜம்முவில் பட்டம் படித்துவிட்டு ஊர் திரும்பி, சங்கத்தின் கணக்கு வழக்கைப் பார்ப்பவள். சென்னையில் நடந்த கம்பளிக் கண்காட்சிக்கு வந்திருக்கிறாள். குளிர்காலம் முழுக்கத் திறக்காமலே கிடந்த சங்கத்தின் மின்னஞ்சலை முந்தாநாள் அங்கேதான் திறந்தாளாம். வரைபடத்தைப் பார்த்த மறுநாள் மாலை முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். பிறகு ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"எனக்கு ஒரு உதவி செய்வீர்களா?" என்றாள் டோல்கர். "மற்றதெல்லாம் அப்புறம். முதலில் கடல். நீங்கள் என் ஊரை இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறீர்கள். நான் உங்கள் ஊரை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை."

கூட்டம் பிற்பகலில்தான். நேரம் இருந்தது. ஜெயசெல்வி அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரேஸ்புரத்துக்கு விட்டாள். அங்கே அவளோடு பள்ளியில் படித்த ரெக்சன், அப்போதுதான் மீனை இறக்கிவிட்டு வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏலே ரெக்சன், இவங்க லடாக்குலேருந்து வந்திருக்காங்க. கடல் பாக்கணுமாம்."

ரெக்சன் டோல்கரை மேலும் கீழும் பார்த்தான். "இந்தா கெடக்கு கடல். பாக்கச் சொல்லு."

"உள்ள போயிப் பாக்கணுமாம்."

"நீயும் வாரியாளா? ஒனக்குத்தான் தோணியப் பாத்தாலே குமட்டுமே."

ஜெயசெல்வி பதில் சொல்வதற்குள் டோல்கர் வள்ளத்தில் ஏறி, அதன் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆகவே ஜெயசெல்வியும் ஏறினாள். கயிறும் வலையும் விற்கிற வீட்டில் பிறந்து, அந்தக் கயிறு போகிற இடத்துக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை.

எஞ்சின் சத்தத்தோடு வள்ளம் துள்ளித் துள்ளிப் போனது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் பின்னால் சிறுத்தன. ஜெயசெல்வி இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, வயிறு தொண்டைக்கு வருவதை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டோல்கரோ எழுந்தே நின்றுவிட்டாள். அலைக்குத் தக்கபடி அவள் முழங்கால் தானாக மடிந்து நிமிர்ந்தது.

"எங்கன படிச்சா இத?" என்று ரெக்சன் கேட்டான். ஜெயசெல்வி மொழிபெயர்த்தாள்.

"யாக், எங்கள் ஊர்ச் சடைமாடு" என்றாள் டோல்கர். "யாக் மேல் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தவளுக்கு இது மெத்தை."

பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கண்ணை மூடி, கள்ளுண்டவள் மாதிரி சிரித்தாள். "உங்கள் காற்று எவ்வளவு கெட்டியாக இருக்கிறது. சாப்பிடலாம் போலிருக்கிறது. எங்கள் ஊரில் நாலு அடி ஓடினால் காற்று தீர்ந்துபோகும். இங்கே என்னால் பாடிக்கொண்டே ஓட முடியும்." சொன்னதோடு நிற்காமல் பாடவும் தொடங்கினாள். ரெக்சனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

வள்ளம் நின்று ஆடியபோதுதான் ஜெயசெல்வி கைப்பேசியை எடுத்து வரைபடத்தைத் திறந்தாள். சாம்பல் பூசுவதற்கு முந்தைய வரைபடம். பழைய ஆண்டு, புதிய ஆண்டு என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். டோல்கர் குனிந்து பார்த்தாள். அவள் பாட்டு நின்றது.

"இதைப் பெரிதாக்குங்கள்."

பெரிதாக்கினாள்.

"இந்த ஓரத்தைப் பாருங்கள், நேராக இருக்கிறது. மேகம் நேராகப் போகுமா? நிழல் நேராகப் போகுமா? இது எங்கள் சுவர்."

"என்ன சுவர்?"

டோல்கர் சொல்லச் சொல்ல ஜெயசெல்விக்கு வயிற்றுப் பிரட்டல் மறந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னால் கடும்பனியில் தீனி கிடைக்காமல் ஆட்டுக்குட்டிகள் கூட்டமாகச் செத்துப்போனபோது, டோல்கரும் சங்கத்துப் பெண்களும் சேர்ந்து, பள்ளத்தாக்கின் நடுவிலிருந்த சமவெளியைச் சுற்றிக் கல்லடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கோடையில் அதற்குள் ஆடு விடுவதில்லை. உருகி வரும் தண்ணீரைச் சின்னச் சின்ன வாய்க்கால்களாகப் பிரித்து அதற்குள் பரவவிட்டார்கள். குளிர் வரும்போதுதான் சினையாட்டுக்கு மட்டும் திறந்துவிடுவார்கள்.

"என் அண்ணனே இதை நம்பவில்லை. ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. புல் முன்னேமாதிரிதான் இருக்கிறது, நல்ல மேய்ச்சல் நிலத்தை வீணாக அடைத்து வைத்திருக்கிறாய் என்கிறார்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்குப் புல் வளர்வது தெரிவதில்லை. இந்த மாதக் கடைசியில் ஊர்க்கூட்டம். சுவரை இடிக்கப்போகிறார்கள். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். நேற்று முன்தினம் உங்கள் படத்தைத் திறந்தால், யாரோ ஒருத்தி, பார்த்தே இராதவள், இந்தப் பச்சை எப்படி வந்தது என்று கேட்கிறாள்."

"என்னையும் யாரும் நம்பலை" என்று ஜெயசெல்வி தமிழிலேயே சொன்னாள். சொல்லிக்கொண்டே சந்தோஷத்தில் எழுந்து நின்றாள். வள்ளத்தில் அப்படி எழுந்து நிற்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாது. வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, டோல்கர் அவள் இடுப்பைப் பிடித்தாள், கைப்பேசி மட்டும் ஒரு மீன்குஞ்சு மாதிரி நழுவிக் கடலுக்குள் போனது.

மூன்று பேரும் அது போன இடத்தையே பார்த்தார்கள்.

"படம்?" என்றாள் டோல்கர் பயந்து.

"படம் காலேஜ் கம்ப்யூட்டரில் இருக்கிறது." அதற்குள் ஜெயசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. டோல்கருக்கும் தொற்றிக்கொண்டது.

"ரெண்டும் கிறுக்குப் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு ரெக்சன் சட்டையைக் கழற்றினான். அவன் வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாக முத்துக்கும் சங்குக்கும் மூழ்கியவர்கள். நங்கூரத்தைப் போட்டுவிட்டுத் தலைகீழாகப் பாய்ந்தான். டோல்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். அவளால் பிடிக்க முடியாமல் விட்டபிறகும் அவன் வரவில்லை. கடைசியில் வள்ளத்தின் மறுபக்கத்தில் தலை தெரிந்தது.

"போனு கெடைக்கல. இதான் கெடந்துச்சு."

அவன் பலகைமேல் வைத்தது ஒரு சங்கு. உள்ளே உயிர் இல்லாத, பாசி படிந்த வெறும் கூடு. டோல்கர் அதைக் கையில் எடுத்தாள். விரலால் பாசியைத் தேய்த்தாள். அடியில் வெண்மை தெரிந்ததும் அவள் முகம் மாறியது.

"இது எங்கள் மடாலயத்தில் இருக்கிறது. விடியற்காலையில் ஊதுவார்கள். நான் யாரோ செய்தது என்று நினைத்திருந்தேன்." அவள் சங்கை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். "இது தண்ணீருக்கு அடியில் சும்மாவா கிடக்கிறது?"

ஜெயசெல்வி கேட்டுச் சொல்ல, ரெக்சன் தலையைத் துவட்டிக்கொண்டே, "எங்க பாட்டன் காலத்துலயே இங்கருந்துதான் வடக்க எல்லாம் போயிருக்கு. மலைக்கும் போயிருக்கும்னு சொல்லு" என்றான். அவன் குரலில் லேசாகக் கர்வம் இருந்தது. டோல்கர் எழுந்து அவனுக்கும் ஒரு கும்பிடு போட்டாள். ரெக்சன் பதிலுக்குச் சிலுவை போட்டுக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து அவன் கைப்பேசி ஒலித்தது. பேசியது சிவனாண்டி.

"ரெக்சா, எம்பொண்ணு ஒங்கூட இருக்காளா? திரேஸ்புரத்துப் பக்கம் அவளப் பாத்தேன்னு ஒருத்தரு சொன்னாரு. அவ போனு போவ மாட்டேங்கு. அவ சாரு கடைக்குப் போன் போட்டாரு. மீட்டிங்க முன்னாடியே வச்சிட்டாவளாம். திருநெல்வேலிலருந்து வந்த சாரு சீக்கிரமாத் திரும்பணுமாம்."

ரெக்சன் எஞ்சினை இழுத்தான். திரும்பி வந்த வேகத்தில் மூவரும் தொப்பலாக நனைந்தார்கள். கரையில் ஸ்கூட்டியின் சாவி எந்தப் பையில் என்று ஜெயசெல்வி தடவிக்கொண்டு நிற்க, ரெக்சன் பொறுமையில்லாமல் இரண்டு பேரையும் தன் மீன் வண்டியின் பின்னால் ஏறச்சொன்னான். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தெற்குக் காட்டன் ரோட்டு நெரிசலில் ஒலி எழுப்பியபடி போனார்கள். வழியில் நின்றவர்களுக்கெல்லாம் டோல்கர் கை காட்டினாள். நிறையப் பேர் திரும்பக் கை காட்டினார்கள்.

கூட்ட அறையில் தேவபிரசாதமும், திருநெல்வேலியிலிருந்து வந்த வெளி நிபுணர் பாண்டியராஜனும் காத்திருந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு, முடியில் உப்பு பூத்து, மீன் நாற்றத்தோடு இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்தி கையில் சங்கு.

"என்னம்மா இது?" என்றார் தேவபிரசாதம்.

"சார், ஒரு நிமிஷம்." ஜெயசெல்வி கணினியைத் திறந்து, திரையில் வரைபடத்தைப் போட்டாள். நடுவில் சாம்பல் துண்டு.

"அங்க ஏன் ஒரு ஓட்டை?" என்று பாண்டியராஜன் கேட்டார்.

"நேத்து நான்தான் பூசினேன் சார். இப்ப எடுக்கப்போறேன்."

எடுத்தாள். சிவப்புக்கு நடுவில் அந்தப் பச்சை வெளியே வந்தது. திரைக்கு முன்னால் டோல்கர் போய் நின்று, தன் ஊரின் ஓடை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தொட்டாள். பிறகு தன் கைப்பேசியிலிருந்து படங்களைக் காட்டினாள். கற்சுவர், வாய்க்கால், புல்லுக்கு நடுவில் முகம் நிறையச் சிரிப்போடு நிற்கிற பெண்கள். தேவபிரசாதம் எழுந்து கிட்டே வந்தார்.

"சுவரை எந்த வருஷம் முடிச்சீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் சொன்னாள். அவர் ஜெயசெல்வியைப் பார்த்தார். ஜெயசெல்வி ஆண்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டினாள். சுவர் எழுந்ததற்கு அடுத்த கோடையில் முதல் பச்சைப் புள்ளி முளைத்தது. அதற்கடுத்த கோடையில் அது பரவியது.

"சரி" என்றார் தேவபிரசாதம். அவர் அவ்வளவு லேசில் விடுகிறவர் இல்லை. தெற்கே, பனிச்சரிவின் அடிவாரத்தில், சென்ற ஆண்டுதான் வெளிறிய பச்சையாக மாறியிருந்த இன்னொரு சிறு துண்டைக் காட்டினார். "அப்போ இதுவும் நீங்க செஞ்சதா?"

டோல்கர் பார்த்த பார்வையில் சிரிப்பு குறைந்தது. "இல்லை. அங்கே மண்ணுக்கு அடியில் இருந்த பனிக்கட்டி உருகுகிறது. சேறாகிவிட்டது. போன கோடையில் எங்கள் யாக் ஒன்று வயிறு வரை புதைந்துவிட்டது. அது நல்ல பச்சை இல்லை."

ஜெயசெல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் போட்ட மதிப்பெண் இரண்டு இடத்துக்கும் நலம் என்றே சொல்லியிருந்தது. ஒன்று பிழைக்கிற நிலம், மற்றது கரைகிற நிலம். அவளுக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூட்டியிருந்த அடுத்த அறையின் கதவு திறந்ததுபோல இருந்தது. "சார், ரெண்டையும் பிரிக்க முடியும். தரையோட வெப்பம் ராத்திரியில எப்படி இறங்குதுன்னு பார்த்தா பிரிச்சிரலாம். இன்னொரு அத்தியாயம் எழுதுதேன் சார்" என்று கூட்டத்தில் பேசுகிற தமிழையும் மறந்து படபடவென்று சொன்னாள்.

தேவபிரசாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று புரிய மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நிழல்னு சொன்னேன் உங்கிட்ட" என்றார். "நல்லவேளை நீ கேக்கலை."

"கேட்டேன் சார். நேத்து பூசிட்டேன்."

"அப்போ நல்லவேளை ரயில் நேரத்துக்கு வந்துச்சு" என்றார் பாண்டியராஜன்.

டோல்கர் அங்கேயே நின்று தன் அண்ணனுக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். அவர் குளிர்காலத்துக்கு லே நகரத்தில் இருந்தார். தாடிவைத்த முகம் ஒன்று திரையில் தெரிந்தது. டோல்கர் கைப்பேசியைத் திருப்பிப் பிடித்து, பெரிய திரையை அவருக்குக் காட்டினாள். ஜெயசெல்வி ஆண்டுகளை மெல்ல ஓட்டினாள். அந்த முகம் திரும்ப ஓட்டச் சொன்னது. சுவருக்கு வெளியே, அவருடைய ஆடுகள் மேய்கிற பக்கத்தைக் காட்டச் சொன்னது. அந்தப் பக்கம் சிவந்துகொண்டே போனதை அவர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். டோல்கர் சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்கிறார்?"

"மேலே இருந்து ஒரு பெண் பார்க்கிறாள் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் யாக்கைக் குளிப்பாட்டி வைத்திருப்பேனே என்கிறார்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சேர்த்துச் சொன்னாள். "படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டு வா, கூட்டத்தில் நானே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்கிறார்."

வெளியே ரெக்சன் வண்டியோடு காத்திருந்தான். தன் வீட்டில் ஊளி மீன் பொரித்து வைத்திருக்கிறது, எல்லோரும் வர வேண்டும் என்றான். டோல்கர் தயங்கினாள். அவள் ஊரில் மீன் சாப்பிடுவதில்லை. ஒரு ஆட்டைக் கொன்றால் ஒரு குடும்பமே பல நாள் உண்ணும், ஒருவர் பசி தீர எத்தனை மீன் உயிர் விட வேண்டும் என்பது அங்கே வழக்கு.

ஜெயசெல்வி தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்தாள். ரெக்சன் யோசித்தான்.

"அப்பம் ஒரு திமிங்கலத்தப் புடிச்சா திம்பாவளா?"

டோல்கர் அதையும் கேட்டுவிட்டு, மடாலயத்தில் விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். அதனால் பொரிச்ச பரோட்டாவுக்குப் போனார்கள். தேவபிரசாதமும் வந்தார். எண்ணெயில் மொறுமொறுவென்று வெந்த பரோட்டா தட்டில் உடைகிற சத்தத்துக்கே டோல்கர் கை தட்டினாள். சால்னா மூக்கில் ஏறி இருமினாள். இருமிக்கொண்டே இன்னொன்று கேட்டாள். ஜெயசெல்விக்குத் தரை இன்னும் வள்ளம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்க வேண்டாம் என்று நினைத்தாள்.

மாதம் முடிந்து இரண்டொரு நாளில், அப்பாவின் கடையில் உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தபோது டோல்கரின் குரல் பதிவு வந்தது. காற்றும் நாய்க்குரைப்பும் பின்னால் கேட்க, அவள் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். சுவர் நிற்கிறது. கூட்டத்தில் அண்ணன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசினார், யாரும் திருத்தவில்லை. இப்போது கீழ்ப் பள்ளத்தாக்குக் குடும்பங்களும் தங்கள் பக்கம் ஒரு சுவர் வேண்டும் என்கிறார்கள், எங்கே கட்டினால் பலன் அதிகம் என்று ஜெயசெல்வி மேலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

ஜெயசெல்வி அதை இரண்டாம் தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்கும்போது கயிற்றுக்கட்டின்மேல் உட்கார்ந்து தனியே சிரித்துக்கொண்டிருந்தாள். சிவனாண்டி தராசை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்னளா?"

"புல்லுப்பா" என்றாள். அதற்குமேல் சிரிப்பு அவளைப் பேசவிடவில்லை.

கயிறு வாங்க வந்தவர் சிவனாண்டியிடம், "என்ன அண்ணாச்சி, பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டார்.

"மலைமேல புல்லு நல்லாருக்காம்" என்றார் சிவனாண்டி. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கயிற்றைக் கொஞ்சம் கூடுதலாகவே அளந்து போட்டார்.